சோழநாட்டுக் கோயில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் வட்டாரத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், ஏற்கெனவே ஒருமுறை அவசரமாக வந்து போனவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே உள்ளன. நடை திறக்கும் நேரத்தை வைத்து நாளை வகுத்துக்கொண்டால் இந்தப் பயணத்தில் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வரும்.

எத்தனை நாள் வேண்டும்?

மூன்று முழு நாள். இரண்டு நாளில் முடிக்கலாம், ஆனால் இரண்டாம் நாள் மதியமே கால் கெஞ்சும், கண் எதிலும் பதியாது. ஒரே நாளில் பத்துக் கோயில் என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் கடைசியில் பார்ப்பது செருப்பு வைக்கும் இடங்களையும் வரிசைக் கம்பிகளையும்தான். ஒரு நாளுக்குப் பெரிய கோயில் ஒன்று, சின்னக் கோயில்கள் இரண்டு அல்லது மூன்று என்பது சரியான அளவு.

தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்தில் தங்குவதா?

கும்பகோணத்தில். ஊருக்குள்ளேயே ஆதி கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, நாகேஸ்வரன் கோயில்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தாராசுரம் சுமார் 4 கி.மீ. சுவாமிமலை, திருவலஞ்சுழி, திருநாகேஸ்வரம், உப்பிலியப்பன் கோயில், திருபுவனம் எல்லாமே 10 கி.மீ.க்குள். கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35 கி.மீ. தஞ்சாவூர் 40 கி.மீ. அளவில் இருக்கிறது, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

தஞ்சாவூரில் தங்கினால் பெரிய கோயிலும் அரண்மனையும் பக்கம், மற்ற எல்லாம் தூரம். முதல் இரண்டு இரவு கும்பகோணத்திலும் கடைசி இரவு தஞ்சாவூரிலும் தங்குவது நல்ல ஏற்பாடு. முகூர்த்த நாட்களில் கும்பகோணத்து லாட்ஜ்கள் கல்யாணக் கூட்டத்தில் நிரம்பிவிடும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

சென்னையிலிருந்து ரயில்தான் வசதி. எழும்பூரில் இரவு புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிறது. பகலில் வர விரும்பினால் சோழன் எக்ஸ்பிரஸ். இரண்டும் மயிலாடுதுறை வழியாகச் செல்லும் பழைய மெயின் லைனில் போகின்றன. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி நிலையம் பக்கம். அங்கிருந்து தஞ்சாவூர் சாலை வழியாக 60 கி.மீ.க்குள் வந்துவிடலாம்.

கோயில்கள் எப்போது திறந்திருக்கும்? மதியம் என்ன செய்வது?

பொதுவாகக் காலை 6 மணிக்கு நடை திறந்து 12 அல்லது 12.30க்குச் சாத்துவார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 8.30 அல்லது 9 வரை. சின்னக் கோயில்களில் காலை 7 மணிக்கு மேல்தான் குருக்கள் வருவார், 11 மணிக்கே சாத்திவிடுவார். கிராமத்துக் கோயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் கூப்பிட்டும் விடுவார்கள்.

நிறையப் பேருடைய திட்டம் இந்த மதிய இடைவெளியில்தான் குலைகிறது. பத்து மணிக்குக் காலை உணவை முடித்துக் கிளம்பி, முதல் கோயிலில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, இரண்டாவது கோயிலுக்குப் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்வார்கள். கதவு சாத்தியிருக்கும், கல்தரை கொதிக்கும். மதியத்தை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம், சுவாமிமலைச் சிலைப் பட்டறைகள், திருபுவனத்துப் பட்டுத் தறிகள், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் எல்லாம் பன்னிரண்டிலிருந்து நான்குக்குள் அடங்கும்.

வெறுங்காலோடு சுடாதா?

சுடும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை காலை 11 மணிக்கு மேல் பெரிய கோயில் முற்றத்தில் நின்று சிற்பம் பார்க்க முடியாது. நடைபாதையில் விரிப்புப் போட்டிருக்கும் இடங்களில் கடக்கலாம், ஆனால் விமானத்தை, அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தை, சுற்றிவர விரிப்பு எட்டாது. பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மட்டும் காலுறை வேண்டாம், வழவழப்பான கல்லில் வழுக்கும்.

எந்த மாதம் வருவது நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொங்கல் வரைக்கும் சம்பா வயல் பச்சையாகவோ பொன்னிறமாகவோ கண்ணில் படும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் இது லேசான மழை அல்ல. புயல் சின்னம் உருவானால் இரண்டு மூன்று நாள் அறையை விட்டு நகர முடியாது.

ஆற்றில் தண்ணீரோடு காவிரியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆடி மாதம் வாருங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், அணையில் நீர் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும். ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3, படித்துறைகளில் பெண்கள் காப்பரிசி, காதோலைக் கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துக் காவிரிக்குப் படைப்பார்கள். காலை 7 மணிக்கே திருவையாறு படித்துறைக்குப் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் நிற்க இடமிருக்காது. வெயில் கடுமைதான். ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட மணலைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

என்ன உடுத்த வேண்டும்?

ஆண்கள் வேட்டி அல்லது முழுக்கால் சட்டை, பெண்கள் புடவை, சுடிதார், பாவாடை தாவணி. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் வேண்டாம். சில கோயில்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள், சில இடங்களில் விட்டுவிடுவார்கள். எந்த இடம் எப்படி என்று பந்தயம் கட்டுவதைவிட ஒரு வேட்டியை மடித்து எடுத்துவருவது சுலபம். கேரளக் கோயில்கள் போல ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்ற விதி இந்த வட்டாரத்துப் பெரும்பாலான கோயில்களில் கிடையாது.

செல்போன், கேமரா?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனால் கோயிலுக்குக் கோயில் நடைமுறை வேறுபடுகிறது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றிலும் வெளிமுற்றத்தில் படம் எடுக்கலாம். கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே கூடாது. முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். சுவாமிக்கு ஆரத்தி காட்டும்போது படமெடுக்க முயல்வது உள்ளூர்க்காரர்களை மிகவும் புண்படுத்தும்.

இந்த மூன்று கோயில்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் யாராவது டிக்கெட் என்று கேட்டால் உள்ளே போய்க் கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இந்து அல்லாதவர்கள் உள்ளே போகலாமா?

முற்றம், மண்டபம், சிற்பங்கள் வரை எல்லோரும் போகலாம். சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டும் என்று பலகை இருக்கும். இருந்தால் அங்கே நின்றுவிட வேண்டும். நல்ல சிற்பங்களில் பெரும்பகுதி வெளிச்சுவரில்தான் இருக்கிறது என்பது ஆறுதல்.

தஞ்சைப் பெரிய கோயிலை எப்படிப் பார்ப்பது?

மாலை 4 மணிக்குள் போய்ச் சேருங்கள். மராட்டியர் கால வாயிலைத் தாண்டியதும் கேரளாந்தகன் திருவாயில், அடுத்து இராசராசன் திருவாயில். இரண்டாவது வாயிலில் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர்களை நிதானமாகப் பாருங்கள். ஒருவரின் காலடியில் பாம்பு ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை அவ்வளவு சிறிது என்றால் பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பையே காலடியில் வைத்திருக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காவல் காக்கும் இறைவன் எப்படிப்பட்டவர் என்று மனம் தானாக ஏறிப்போகும்.

முதலில் சந்நிதி, பிறகு வெளிச்சுற்று. தரிசன வரிசை மாலை ஆறுக்கு மேல் நீளும். வெளியே வந்ததும் விமானத்தை வலமாகச் சுற்றுங்கள். 13 நிலை விமானம், உயரம் 216 அடி என்று சொல்வது வழக்கம். அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. தான் கொடுத்ததும், தன் அக்கன் குந்தவை கொடுத்ததும், பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று ராஜராஜன் ஆணையிட்ட வரி அங்கேதான் இருக்கிறது. கோயிலில் ஆடக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் (பழைய தானிய அளவு) நெல். ஒரு பேரரசன் தன் கோயிலுக்காக உழைத்தவர்களை இப்படிப் பேர் சொல்லி வைத்திருப்பதைப் படிக்காமல் வந்துவிடாதீர்கள். எழுத்து பழைய வடிவம்தான், ஆனால் "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டால் சில சொற்கள் மெல்ல மெல்லப் பிடிபடும்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. 1931இல் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் கண்டறியப்பட்டவை. பொதுமக்களுக்கு அந்த வழி திறப்பதில்லை. அதற்கு மேல்தளத்தில் செதுக்கிய 81 நாட்டியக் கரணங்களும் அப்படித்தான். காவலாளியிடம் பணம் கொடுத்துக் கேட்பது வீண் வேலை, ஓவியங்களுக்கும் நல்லதல்ல.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே?

விழும். காலையிலும் மாலையிலும் முற்றத்திலேயே நின்று பார்க்கலாம். உச்சி வேளையில் மட்டும், அடிப்பகுதி அகலமாக இருப்பதால் மேல்நிலைகளின் நிழல் கட்டடத்தின் மேலேயே விழுந்துவிடும். 1010இல், தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் ராஜராஜன் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. இத்தனை துல்லியமான வரலாறு கையில் இருக்கும்போது இட்டுக்கட்டிய அதிசயம் அந்தக் கோயிலுக்குத் தேவையில்லை.

பிரதோஷ நாளில் போகலாமா?

பக்திக்காகப் போகலாம். பெரிய நந்திக்கு மாலையில் அபிஷேகம், குடம் குடமாகப் பால். கூட்டம் முற்றத்தை நிறைத்துவிடும். சிற்பமும் கல்வெட்டும் பார்க்க வருகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைச் சொல்வோம். கூட்டம் குறைவு, புல்வெளி நடுவே கோயில் தனித்து நிற்கிறது. தஞ்சை விமானம் நேர்க்கோடாக ஏறும், இது உள்ளே வளைந்து குழைந்து ஏறும். 9 நிலை, தஞ்சையைவிடச் சற்று உயரம் குறைவு. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு அமைத்த தலைநகரம் இது. நகரம் போய்விட்டது, கோயில் நிற்கிறது.

வடக்குப் படிக்கட்டுக்குப் போங்கள். அங்கே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் அமர்ந்து, கீழே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சிவனின் விரல்கள் மாலையை எப்படிப் பிடித்திருக்கின்றன, சண்டேசரின் தோள் எப்படிப் பணிந்து குறுகியிருக்கிறது, பக்கத்தில் உமையின் முகம் எப்படி இளகியிருக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். சூடப்படுவது ராஜேந்திரனின் வெற்றி மாலைதான் என்று கருதுகிறவர்களும் உண்டு. எதிர்ப்புறம் ஞான சரஸ்வதி. இந்த இரண்டுக்கு மட்டுமே அரை மணி நேரம் வையுங்கள்.

போகும் வழி: கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பாதை. காலை 6 மணிக்குள் காரில் கிளம்பினால் ஏழுக்கு அங்கே இருக்கலாம், இளவெயிலில் கிழக்குப் பக்கம் முழுதும் தெளிவாகத் தெரியும். வழியில் கொள்ளிடத்தின் மேல் வரும் கீழணை 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. கோயில் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் அதிகமில்லை, இட்லியும் தண்ணீரும் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் இங்கே நடக்கும் அன்னாபிஷேகம் புகழ்பெற்றது. மிகப் பெரிய லிங்கம் முழுவதும் மூட்டை மூட்டையாக வடித்த சோற்றால் மூடுவார்கள், பிறகு அதையே பிரசாதமாகத் தருவார்கள். மழைக்காலம் என்பதால் குடை அவசியம்.

தாராசுரத்தில் எதைத் தேடிப் பார்ப்பது?

சின்னதைத் தேடுங்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்து ஐராவதேஸ்வரர் கோயில் இது, 12ஆம் நூற்றாண்டு. தேர் வடிவ முன்மண்டபத்தின் சக்கரத்தையும் குதிரையையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். அதைத் தாண்டிக் கருவறையின் வெளிச்சுவருக்குப் போய்க் குனிந்து பாருங்கள். ஒரு சாண் அளவில் நாயன்மார் கதைகள் வரிசையாகச் செதுக்கியிருக்கும். மேலே ஒரு வரி தமிழ்க் குறிப்பும் உண்டு. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்கும் காட்சியில் முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிப்படுவதைக் காணலாம். கண்ணப்பரையும் கண்டுபிடியுங்கள்.

பகல் வெளிச்சம் நேராக விழும்போது இந்தச் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். மாலை 4.30க்கு மேல் சாய்வெயிலில் பாருங்கள், நிழல்பக்கச் சுவருக்குச் சின்ன டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடுகள் எழுந்து வரும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் இங்கே உண்டு. ஒரு பக்கம் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. பலிபீடத்துப் பக்கம் உள்ள, தட்டினால் நாதம் தரும் படிகளுக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். கல்லாலும் சாவியாலும் ஆளாளுக்குத் தட்டித் தேய்த்ததால் வந்த வினை அது.

கும்பகோணத்துக்குள் எல்லாக் கோயிலும் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நாகேஸ்வரன் கோயிலுக்கு முதலிடம் கொடுங்கள். முற்காலச் சோழர் வேலை, 9ஆம் நூற்றாண்டு. கருவறைச் சுவர் மாடங்களில் நிற்கும் ஆண், பெண் உருவங்கள் தெய்வங்களைப் போலன்றி, அந்தக் காலத்து மனிதர்களைப் பார்த்துச் செதுக்கியவை போல உயிரோடு நிற்கின்றன. பிறகு சாரங்கபாணி, தேர் வடிவக் கருவறைக்காக. மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், மாலையில் நடக்க நல்ல இடம். மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2016, அடுத்தது 2028. அந்த மாசி மாதத்தில் நீராட வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் கும்பகோணப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

திருவலஞ்சுழிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளை விநாயகர் சந்நிதியின் கல் பலகணி, அதாவது கல்லில் குடைந்த சன்னல், ஸ்தபதிகளே வியந்து பேசும் வேலை.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

முடியும். காலை 5.30க்குக் கிளம்ப வேண்டும். திங்களூர் (சந்திரன்), ஆலங்குடி (குரு), திருநாகேஸ்வரம் (ராகு), சூரியனார்கோயில், கஞ்சனூர் (சுக்கிரன்), வைத்தீஸ்வரன்கோயில் (செவ்வாய்) ஆகிய ஆறையும் நடை சாத்துமுன் முடித்து, மதியம் சாப்பிட்டு, மாலை திருவெண்காடு (புதன்), கீழப்பெரும்பள்ளம் (கேது), கடைசியில் திருநள்ளாறு (சனி) என்பது நடைமுறையில் உள்ள வரிசை. அரசுப் போக்குவரத்துக் கழகமும் கும்பகோணத்திலிருந்து வார இறுதி நாட்களில் நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது, முன்பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் கருத்து, இரண்டு நாளாகப் பிரியுங்கள் என்பதே. காலையில் ஒரு கோயிலில் கூட்டம் அரை மணி கூடினாலும் ஆறாவது கோயில் நடை சாத்திவிடும், பிறகு நாள் முழுக்கத் துரத்தல்தான். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம், திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்க்கப் பெருங்கூட்டம். சனிக்கிழமை திருநள்ளாற்றைத் தவிருங்கள், பரிகாரத்துக்காகவே வருகிறவர்கள் தவிர. திருநள்ளாறு காரைக்கால் பகுதியில், புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது. வாடகைக் காருக்கு அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது என்று கிளம்புமுன் ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். சூரியனார்கோயிலுக்கு முன் பக்கத்திலுள்ள திருமங்கலக்குடிப் பிராணநாதரைத் தரிசிப்பது மரபு.

பரிகாரம் செய்து தருகிறோம் என்று வாசலில் மறிப்பவர்களிடம் தலையசைத்துவிட்டு நடங்கள். அர்ச்சனைச் சீட்டு உள்ளே கோயில் கவுண்டரில், விலை எழுதிய பலகையோடு கிடைக்கும். வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடத்துக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை. பார்க்க விரும்பினால் மொத்தக் கட்டணத்தைக் கட்டைவிரல் ரேகை கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு காண்டத்துக்கும், அதாவது பலன் சொல்லும் ஒவ்வொரு பகுதிக்கும், தனித்தனியாகக் கூடிக்கொண்டே போகும்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். பட்டறைகளில் கேட்டுவிட்டு உள்ளே போகலாம், மதியம் தோதான நேரம். தென்னையோலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு பிரிப்பார்கள். இதற்கு ஒடியோலை என்று பேர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் காயவிடுவார்கள். முதல் பூச்சில்தான் விரல் நகம் வரை பதியும், அதனால் வண்டல் மாவு போல இருக்க வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் மண் வெடிக்கும், வெடிப்பு அப்படியே உலோகத்தில் கோடாக வரும். மேலே பருமண் பூசிக் கம்பியால் கட்டி, சுட்டு மெழுகை வடித்த பிறகு உருக்கிய உலோகத்தை அறாமல் ஊற்ற வேண்டும். நடுவே ஓட்டம் நின்றால் அந்தச் சிலை வீண். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

வாங்குவதானால் கனமா, உள்ளே குடைவா என்று கேளுங்கள். பூசைக்குக் கனச் சிலைதான் கேட்பார்கள். விலையை எடையும் உளிவேலையும் சேர்ந்து தீர்மானிக்கும். விரல்களுக்கு இடையிலும் முதுகுப் புறத்திலும் பாருங்கள், அவசர வேலை அங்கேதான் தெரியும். எடை, உயரம், செய்த ஆண்டு எழுதிய ரசீது வாங்குங்கள். பழைய சிலை என்று பச்சைப்பூச்சோடு காட்டினால் வேண்டாம். உண்மையிலேயே நூறாண்டு தாண்டியதென்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. புதிய சிலையையே வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறைச் சான்று வாங்கிவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல் வராது.

வேறு என்ன வாங்கலாம்?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. குத்துவிளக்கைத் தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், பாகங்களை இணைக்கும் மரை தளர்வாக இருந்தால் வேறொன்று கேளுங்கள். தலையாட்டி பொம்மையைச் சாய்த்துவிட்டால் தானே நிமிர வேண்டும்.

சாப்பாடு, காபி?

காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய், கசகசா அரைத்துவிட்டுச் செய்வது, சாம்பாருக்குப் பதிலாக வரும். எல்லாக் கடையிலும் தினமும் கிடைக்காது. திருவையாற்றில் அசோகா, அதாவது பாசிப்பருப்பு அல்வா, சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டியது. பல கோயில்களில் மதியம் அன்னதானம் உண்டு. வரிசையில் யாரும் நிற்கலாம், இலையில் மிச்சம் வைக்காதீர்கள்.

டிகிரி காபியை வீட்டில் போட விரும்புகிறவர்களுக்கு: இரண்டு டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள் குவித்து, சிக்கரி கால்பங்குக்கு மேல் வேண்டாம். பில்டரில் லேசாகத் தட்டிச் சமன் செய்து, கொதிக்கும் தண்ணீர் 150 மி.லி. சுற்றி ஊற்றி மூடுங்கள். இருபது நிமிடத்தில் இறங்கும். தூளை அழுத்தி அமுக்கினால் தண்ணீர் நிற்கும், ஆறிய தண்ணீர் ஊற்றினால் டிகாக்ஷன் வெளுக்கும். டிகாக்ஷனை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், கசக்கும். தண்ணீர் கலக்காத பால் ஒருமுறை பொங்கியதும் சேர்த்து ஆற்றினால் போதும்.

உள்ளூரில் சுற்ற பஸ் போதுமா?

கும்பகோணத்திலிருந்து தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம், திருபுவனம் எல்லாவற்றுக்கும் டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் நவக்கிரகச் சுற்றுக்கும் மட்டும் கார் பேசுங்கள். ஆட்டோவுக்குக் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்து மொத்தத் தொகையாகப் பேசுவது நல்லது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று விட்டால் மனக்கசப்பில்தான் முடியும்.

பெரியவர்களை அழைத்துவரலாமா?

தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் பெரும்பாலும் சமதரை, ஆனால் சந்நிதிப் படிகள் செங்குத்து, வாசற்படிகள் முழங்கால் உயரம் வரை இருக்கும். சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகள். முட்டிவலி உள்ளவர்களுக்குக் காலை ஒரு கோயில், மாலை ஒரு கோயில் போதும். மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருக்கட்டும்.

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா?

போகலாம், கட்டணமில்லை. தை மாத வாக்கில், பெரும்பாலும் ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக்கரைச் சமாதியில் நடக்கிறது. தேதி ஆண்டுதோறும் மாறும், பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். கோஷ்டி கானம் காலையில் தொடங்கிவிடும். ஏழரைக்குள் பந்தலுக்குள் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும், பின்னால் நின்றால் ஒலிபெருக்கியில்தான் கேட்க வேண்டியிருக்கும். பாடத் தெரிந்தவர்கள் கீர்த்தனைப் புத்தகத்தோடு வந்து சேர்ந்து பாடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த வாரம் திருவையாற்றில் அறை கிடைப்பது அரிது. 13 கி.மீ. தள்ளித் தஞ்சாவூரில் தங்கி, விடியற்காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள்.